‘எப்படி வந்தது?’ என்று கேட்பதற்கு முன்

[திரையில்: எதிரெதிரே அமர்ந்து பேசும் இருவர்]

தமக்கு எச்.ஐ.வி. இருப்பதாக ஒருவர் மனம்விட்டுச் சொல்கிறார். கேட்பவர் வாயில் முதலில் வருவது ‘மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?’ அல்ல, ‘எப்படி வந்தது?’

கேள்விக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. ரத்தம் ஏற்றியதில் வந்திருந்தால் ‘ஐயோ பாவம்’. உடலுறவில் வந்திருந்தால் ‘தானே தேடிக்கொண்டது’. நோயும் மருந்தும் இருவருக்கும் ஒன்றுதான்.

[திரையில்: பள்ளி வாசல்]

சரி, ‘ஐயோ பாவம்’ என்றவர்களையாவது நிம்மதியாக இருக்கவிட்டோமா? அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரயன் வைட் என்ற சிறுவனுக்கு, ஹீமோபீலியா என்ற, ரத்தம் எளிதில் உறையாத நோயின் சிகிச்சைக்காகச் செலுத்திய ரத்தப்பொருள் வழியாகத் தொற்று வந்தது. 1984இல் அது தெரியவந்தபோது அவனுக்கு வயது 13. அடுத்த ஆண்டு பள்ளி அவனைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. பக்கத்தில் உட்கார்வதால் பரவாது என்று சுகாதார அதிகாரிகள் சொல்லியும் பயனில்லை. வழக்காடித்தான் அவன் வகுப்புக்குத் திரும்பினான்.

இப்போது நிலைமையே வேறு. 1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலானது. தவறாமல் மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், கொசு கடித்தால் எந்தக் காலத்திலும் பரவியதில்லை. ஐரோப்பாவில் நடந்து, 2016இலும் 2019இலும் முடிவுகள் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வுகள், துணைகளில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த, ஆணுறையின்றி உறவுகொண்ட நூற்றுக்கணக்கான இணைகளைத் தொடர்ந்து கவனித்தன. வைரஸ் இப்படி அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடப் பரவவில்லை.

[திரையில்: லேபிள் கிழிக்கப்பட்ட மாத்திரைப் புட்டி]

ஆனால் இந்தப் புட்டியைப் பாருங்கள். பெயரை யாரும் படித்துவிடக் கூடாதென்று லேபிளைக் கிழித்திருக்கிறார்கள். வீட்டுக்கு உறவினர் வந்தால் புட்டி அலமாரிக்குள் போய்விடும். மாத்திரை வேளை தப்பும். அடிக்கடி தப்பினால் அடங்கியிருந்த வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். நம் ஏளனம் மனத்தைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. நேராக ரத்தத்துக்குள் போய் வேலை செய்கிறது. அதே கேள்விக்குப் பயந்து பரிசோதனைக்கே போகாமல், உடல் தளர்ந்த பிறகு மருத்துவமனைக்கு வருகிறவர்களும் உண்டு. எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்.

எனவே யாராவது உங்களிடம் சொன்னால், ‘சிகிச்சை எப்படிப் போகிறது, நான் ஏதாவது செய்யட்டுமா?’ என்று கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வேறு யாரிடமும் சொல்லாதீர்கள், உங்கள் வீட்டாரிடம்கூட.