பங்குனிப் பூ யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

பங்குனி வெயிலில் செட்டிநாட்டுச் செம்மண்ணைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள், இங்கே என்ன பூக்கப் போகிறது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் புங்கமும் வேம்பும் பூத்துக் கொட்டுவது இப்போதுதான். சித்திரை பிறந்தால் கொன்றை சரம் சரமாகத் தொங்கும். இலுப்பை இரவில் பூக்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்கிறோம். பழந்தின்னி வௌவாலுக்கு ஆலை இருந்தாலும் அதுதான் சர்க்கரை.

சரி, ஊரில் புதிதாக ஒரு பூங்கா போட்டால் என்ன வைக்கிறோம்? புல்தரை, காகிதப்பூ, அடுக்குச் செம்பருத்தி. கண்ணுக்கு நிறைவுதான். தேனீக்கு அங்கே சாப்பாடு குறைவு. அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறி நிற்கின்றன. வீட்டு வாசலில் ஒற்றைச் செம்பருத்தியையும் அடுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பூச்சிகள் எதைத் தேடிப் போகின்றன என்று தெரியும்.

பூங்காவில் வைக்க நான் முதலில் சொல்வது ஆவாரை. சாலையோரத்தில் தானாக வளர்கிற செடிக்கு யார் மதிப்புக் கொடுக்கிறார்கள்! அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் சிறு துளை உள்ள பைகளுக்குள் இருக்கிறது. காலையில் ஒரு கருவண்டு வந்து உட்காருவதைக் கவனியுங்கள். பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். 'ர்ர்' என்று சத்தம் கேட்கும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் பீய்ச்சிக்கொண்டு வண்டின் வயிற்றில் படியும்.

பட்டாம்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது, புழு தின்ன இலையும் வேண்டும். திருவரங்கத்தில் 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் இரண்டுக்கும் செடி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டிலேயே கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் மருந்தை எடுக்காதீர்கள். அது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் சின்னப் புழுவாக இருக்கலாம். எருக்கைப் பிடுங்கினால் வெந்தய வரியன் என்ற இன்னொரு பட்டாம்பூச்சிக்கு முட்டையிட இடம் குறையும்.

கோயில் நந்தவனங்களில் பூப்பறிப்பவர்கள் செடிக்கு நாலு பூவை விட்டுவைக்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. வருஷப்பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டுமென்றால், மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து உதிர்ந்ததைச் சேர்க்கிற ஆச்சிமார் வழக்கம்தான் நல்லது. கிளையை ஒடித்தால் தேனீயின் பங்கும் போய்விடும். ஊரணிக் கரையில் காலி இடம் இருந்தால் புங்கங்கன்று வையுங்கள், மழைக்காலம் தொடங்கியதும் நட்டால் பிழைத்துக்கொள்ளும்.

அப்புறம், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் சுவர் விரிசலைப் பாருங்கள். மெழுகும் பிசினும் குழைத்த ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே கொசுத்தேனீ குடியிருக்கிறது. அது கொட்டாது. எதிரே பூங்கா வந்தால் முதலில் வரப்போவதும் அதுதான். பூச்சு வேலைக்கு ஆள் விடும்போது, அந்த ஓட்டையை மட்டும் அடைக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.