செல்போன் கதிர்வீச்சுக்கு மூலிகை கேப்சூலா?

வணக்கம் நண்பர்களே. செல்போன் கதிர்வீச்சிலிருந்து மூளையைக் காப்பாற்றும் என்று விற்கிறார்களே, அந்த ஆன்டி ஆக்சிடன்ட் கேப்சூலை வாங்கலாமா என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். உடல் எடையில் மூளை வெறும் 2 சதவீதம்தான், ஆனால் நாம் இழுக்கிற ஆக்சிஜனில் கிட்டத்தட்ட 20 சதவீதம் அதற்கே போய்விடும், போதாததற்கு அதில் கொழுப்பு வேறு அதிகம், அதனால் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது செல்லைச் சேதப்படுத்துகிற நிலையற்ற மூலக்கூறுகள், பெருகினால் மூளை சீக்கிரம் அடிபடும். இவற்றை அடக்குகிற பொருள்தான் ஆன்டி ஆக்சிடன்ட். 2004இல் வந்த ஓர் ஆய்வில் எலிகளைத் தினமும் 1 மணி நேரம், 7 நாள், 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையில் வைத்தார்கள். மூளையில் கொழுப்பு சிதைவதைக் காட்டும் மாலன்டைஆல்டிஹைடு ஏறியது, செல்லைக் காக்கிற என்சைம்கள் இறங்கின. ஆன்டி ஆக்சிடன்ட் உள்ள ஜின்கோ என்ற மூலிகை மரத்தின் இலைச் சாறு கொடுத்த எலிகளிடம் இந்த மாற்றங்கள் வரவில்லை.

சரி, பிறகென்ன? எலியின் தலை சின்னது, அலை மூளை முழுக்கப் பாய்ந்துவிடும். நமக்கு போனை ஒட்டிய பக்கத்தில் சில சென்டிமீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி அடங்கிவிடும். 2011இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்த அலைகளை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மைதான், ஆனால் அதே அமைப்பு கேட்டுக்கொண்டு 2024இல் வெளியான பெரிய மறுஆய்வில் செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை.

அப்புறம், ஆன்டி ஆக்சிடன்ட் என்றாலே நல்லது என்ற நினைப்பு இருக்கிறது பாருங்கள், அது எனக்குப் பெரிய கவலை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. 1994இல் வந்த முடிவு இது. காய், பழம், கீரை, கிரீன் டீ எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள், அது வேறு விஷயம்.

கதிர்வீச்சுதான் பயம் என்றால் போனைக் காதிலிருந்து தள்ளி வையுங்கள், ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள். சிக்னல் ஒரே கோடு காட்டும்போது நீண்ட நேரம் பேசாதீர்கள், அப்போதுதான் போன் அதிக சக்தியோடு அலையை அனுப்பும். இதற்கெல்லாம் காசே ஆகாது.

ஏற்கெனவே ஜின்கோ கேப்சூல் வாங்கிவிட்டீர்களா? வார்ஃபரின், ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் என்றால் ரத்தக்கசிவு அபாயம் இருக்கிறது, டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூட விழுங்காதீர்கள்.