செவந்தி காணாமல் போன 19 நாட்கள்

வணக்கம், நேயர்களே. பாம்பு வளர்ப்பைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பாம்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே சிலருடைய கை வானொலிப் பெட்டியின் குமிழுக்குப் போயிருக்கும். கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்லப்போவது விஷமில்லாத சாரை வகைகளைப் பற்றித்தான்.

சாரை என்றதும் வரப்பில் விர்ரென்று ஓடுகிற நீளப் பாம்பு நினைவுக்கு வரும். அதைப் பிடித்து வந்து வளர்க்கச் சொல்லவில்லை. காட்டுப் பாம்பைப் பிடித்து வைத்திருப்பது பல நாடுகளில் குற்றம். அதுவும் மிரண்டுபோய்ப் பட்டினி கிடக்கும். வளர்ப்பவர்கள் வைத்திருப்பவை, பல தலைமுறைகளாக மனிதர் கையிலேயே பொரிந்து வளர்ந்த இனங்கள். அவற்றில் பெயர்பெற்றது கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிதான் அதன் சொந்த மண். மூன்றிலிருந்து ஐந்தடி நீளம். முதுகில் ஆரஞ்சும் சிவப்புமாகத் திட்டுகள், வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 ஆண்டுகள் இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தீர்களென்றால், பிள்ளை கல்யாணமாகிப் போன பிறகும் பாம்பு உங்கள் வீட்டில்தான் இருக்கும். இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பாம்பு குளிர்ரத்தப் பிராணி என்று பள்ளியில் படித்திருப்போம். தன் உடம்புக்கு வேண்டிய சூட்டை அதனால் உண்டாக்க முடியாது, வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள். நானும் இதைப் படித்திருந்தேன். புரிந்தது செவந்தி ஓடிப்போனபோதுதான்.

செவந்தி என் முதல் பாம்பு. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். குளிர்காலத்தில் ஒருநாள் காலை பார்த்தால் கண்ணாடிப் பெட்டி காலி. மூடியின் ஒரு மூலை விரல் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. சாரை வகைக்கு அது போதும். இரவெல்லாம் மூடியின் ஓரத்தை மூக்கால் முட்டிக்கொண்டே இருக்கும். தலை நுழைந்துவிட்டால் உடம்பும் நுழைந்துவிடும்.

வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் ஒன்றும் தெரியாதவன் போல அலமாரிகளை ஒழித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அனுபவப்பட்ட ஒருவர் ஒரு வழி சொன்னார். ராத்திரி படுக்கும்முன் ஒவ்வொரு வாசற்படியிலும் சுவரோரத்திலும் மெல்லிசாக மாவு தூவி வை, பாம்பு போன தடம் காலையில் தெரியும் என்றார். தூவினேன். விடிந்ததும் அம்மாவின் குரல்: "ஏன்டா, தரையெல்லாம் மாவு? எறும்புக்கு விருந்தா?" பெருக்கியும் விட்டார். நானும் விடவில்லை. நான் தூவ, அம்மா பெருக்க, இப்படியே இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. அம்மா பேசவே இல்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பத்தொன்பதாம் நாள் சமையலறை மாவில் வளைந்து வளைந்து ஒரு கோடு. குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய் முடிந்தது. பின்பக்கம் கம்ப்ரஸர் இருக்கிறதே, எப்போதும் சூடாக இருக்குமே, அதை ஒட்டிச் சுருண்டு படுத்திருந்தாள் செவந்தி. எடுக்கப் போனால் வர மனமில்லை.

பெட்டியில் நான் வைத்திருந்த வெப்பமானி 29 டிகிரி காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதைக் கண்ணாடிச் சுவரில், மேல்பக்கம் ஒட்டியிருந்தேன். பாம்பு படுப்பது தரையில். தரையில் வைத்து அளந்தேன். 22! நான் அளந்ததெல்லாம் கண்ணாடியின் சூடு. அவள் என்னை விட்டு ஓடவில்லை, நேயர்களே. கதகதப்பைத் தேடிப் போயிருக்கிறாள்.

அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் சூட்டைப் பற்றிப் பேசுகிறேன். வீட்டில் இதற்கே என்னைக் கேலி செய்வார்கள். பெட்டியின் ஒரு பக்கம் 28, 30 டிகிரி, மறுபக்கம் 22, 24. பாம்பு தானே இங்கும் அங்கும் போய்த் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வோர் இடம் வேண்டும். ஒரே மறைவிடம் இருந்தால், பயமா குளிரா என்று அது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். சூடேற்றும் பாயை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்காதீர்கள், வயிறு வெந்துவிடும். அளப்பது தரையில். திரும்பவும் சொல்கிறேன், தரையில்.

தீனியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறையவைத்த எலியை நன்றாக உருகவைத்து, வெதுவெதுப்பாக்கிக் கொடுப்பது. பாம்பின் உடம்பு பருமனுக்கு எலி இருந்தால் போதும். உயிரோடு போட வேண்டாம், எலி திருப்பிக் கடிக்கும். வளர்ந்த பாம்புக்கு பத்துப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை. தின்ற பிறகு இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள், கக்கிவிடும். சூடு குறைந்தாலும் கக்கும், செரிக்காது. பார்த்தீர்களா, மறுபடியும் சூட்டுக்கே வந்துவிட்டேன். ஆங், பாம்பைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

சரி, இனப்பெருக்கம். பெண் பாம்புக்கு வளர்ப்பவர்கள் மூன்று மூன்றாக ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று வயது, மூன்றடி நீளம், முந்நூறு கிராம் எடை. அதற்குக் குறைந்தால் பொறுத்திருங்கள். இணைசேரத் தூண்டுவதற்காகக் குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் 10 முதல் 15 டிகிரியில் இருட்டில் படுக்கவைக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு வாரம் தீனியை நிறுத்தி வயிற்றைக் காலியாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் குளிரில் உள்ளேயே அழுகிவிடும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். பிறகு மெல்லச் சூடாக்கி, நன்றாகத் தீனி கொடுத்து, ஆணோடு விடலாம்.

முட்டையிடுவதற்குப் பத்து நாள் போல முன்னால் பெண் பாம்பு சட்டை உரிக்கும். அன்றே ஈரப் பாசி போட்ட டப்பா ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள். முதல் தடவை நான் வைக்கவில்லை. ஈரம் தேடிய செவந்தி தண்ணீர்க் கிண்ணத்திலேயே முட்டையிட்டுவிட்டாள். ஒன்றுகூடத் தேறவில்லை.

இந்த முட்டை கோழி முட்டை போலக் கெட்டியாக இராது. தோல் போல மெத்தென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிக்கவும் வேண்டாம், புரட்டவும் வேண்டாம். கோழி புரட்டும், நாம் புரட்டக் கூடாது. உள்ளே வளரும் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டுவிடும், திருப்பினால் செத்துவிடலாம். எடுக்கும்முன் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். ஈரத்தைப் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளை நனைத்து, அதில் 28 டிகிரியில் வையுங்கள். இரண்டு மாதம் போலக் காத்திருக்க வேண்டும். ஒருநாள் ஓட்டில் சின்னக் கீறல் விழும், ஒரு மூக்கு எட்டிப் பார்க்கும். ஒரு நாள், ஒன்றரை நாள்கூட அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும். இழுத்துவிடாதீர்கள், உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். குஞ்சுகள் என்ன நிறத்தில் பிறக்கும் என்கிற நிறக் கணக்கு பாக்கியிருக்கிறது. அதற்குப் படம் போட வேண்டும், வானொலியில் எங்கே போடுவது? ஒன்றே ஒன்று சொல்கிறேன். கறுப்புச் சாயம் இல்லாத தன்மை ஒன்று, சிவப்புச் சாயம் இல்லாத தன்மை ஒன்று. இரண்டையும் மறைவாகச் சுமக்கும் ஜோடி பார்வைக்குச் சாதாரணப் பாம்புகள்தான். அவற்றின் குஞ்சுகளில் 16க்கு ஒன்று, சராசரியாக, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பிறக்கும். சராசரிதான். எனக்கு இரண்டு ஈடு வந்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

குஞ்சு பொரிந்து ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையை உரிக்கும். அதன்பிறகுதான் முதல் தீனி, கண் திறக்காத எலிக்குட்டி. குஞ்சுகளை ஒன்றாக வைக்காதீர்கள், ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும். 20 குஞ்சென்றால் 20 டப்பா, 20 மூடி. பென்சில் பருமன்தான் இருக்கும், அதற்கேற்ற மூடியாக... சரி, மணி ஆகிவிட்டதாம். வணக்கம்.