சர்ச்சில் சாப்பாடு

வணக்கம் நேயர்களே. போன மாதம் என் அக்கா மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாமா, ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய சர்ச்சில சாப்பிடலாம், வாங்க."

"பூசைக்கா, சாப்பாட்டுக்கா?" என்றேன்.

கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடம் பினாங்கு கர்னி பாராகன் பேரங்காடி. அங்கே ஒரு பழைய கட்டடம் இருக்கிறது அல்லவா, செயிண்ட் ஜோஸ்? அதற்குள் ஓர் உணவகம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சர்ச் இல்லை, செயிண்ட் ஜோசப் நவிசியேட். லசால் பிரதர்கள் என்னும் கத்தோலிக்கத் துறவு சபையாரின் பயிற்சி இல்லம்.

இந்த பிரதர்கள் பாதிரியார்கள் அல்லர். பூசை வைக்க மாட்டார்கள். பாடம் நடத்துவதுதான் அவர்களுடைய ஊழியம். 1852-இல் பினாங்குக்கு வந்து செயிண்ட் சேவியர்ஸ் பள்ளியைத் தொடங்கியவர்கள் அவர்கள். பிரதராக விரும்பும் இளைஞன் வகுப்பறைக்குப் போகுமுன் இப்படி ஓர் இல்லத்தில் தங்கி ஜெபம், மௌனம், வாசிப்பு, தோட்ட வேலை எல்லாம் பழக வேண்டும்.

நானும் பிரதர்களிடம் படித்தவன்தான். வெள்ளை அங்கி, கழுத்துக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டை எதற்கு என்று எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது. சோதனை மதிப்பெண்களை அதன் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறார் என்பது என் கட்சி. புரட்டிப் பார்க்கும் துணிச்சல் எவனுக்கும் வரவில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். மீன் கேட்டேன். தாம்பாளம் அளவுக்குத் தட்டு, அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மீன், மேலே எலுமிச்சை வெண்ணெய்க் குழம்பு, பக்கத்தில் மூன்று உருளைக்கிழங்கு. குறை சொல்ல முடியாது, மீன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உயரமான கூரை, வெறும் தரை. யாராவது நாற்காலியை இழுத்தால் மண்டைக்குள் இழுப்பது போலக் கேட்டது. அந்தக் காலத் துறவு இல்லங்களில் சாப்பிடும்போது பேச்சு கிடையாது. ஒருவர் புத்தகம் வாசிப்பார், மற்றவர்கள் தலை குனிந்து சாப்பிடுவார்கள். இங்கே பக்கத்து மேசையில் பிறந்தநாள் பாட்டு!

பரிமாறிய பையன் தமிழ்ப் பையன். "தம்பி, இது முன்னே என்ன இடம், தெரியுமா?" என்று கேட்டேன். "ஸ்கூல்னு சொன்னாங்க அங்கிள்."

அவன் சொன்னதும் சரிதான். 1977-இல் பினாங்கின் கொடிமலையிலிருந்து இறங்கிவந்த அப்லாண்ட்ஸ் பள்ளி இங்கேதான் நடந்தது. 2006-இல் அது பத்து பெரிங்கி வட்டாரத்துக்குப் போனது. 2013-இல் பேரங்காடி திறந்தது. அவனுக்குப் பள்ளிக்கூடம் தெரியும், எனக்கு நவிசியேட் தெரியும். என் அக்கா மகளுக்கு மட்டும் எப்படி சர்ச் ஆனது? சிங்கப்பூரில் சைம்ஸ் போய் வந்தவள் அவள். அது கன்னியர் மடமாக இருந்த இடம். 1983-இல் பள்ளி வெளியேறிய பிறகு உணவகங்கள் வந்தன. அங்கே இருப்பது உண்மையான சிற்றாலயம். வளைவும் தூணும் பார்த்தால் இவளுக்கு எல்லாமே சர்ச்.

கோயிலாக இருந்த இடத்தில் மீன் தின்னலாமா என்று பிறகு என் அக்கா கேட்டார். நம் கோயில்களில் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து, மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றிய பிறகுதானே கொத்தனார் உளியைத் தொடுகிறார்? கத்தோலிக்கர்களுக்கும் முறை உண்டு. இனி ஆலயமாகப் பயன்படாத கட்டடத்தை ஆயர் ஆணையிட்டு வேறு உபயோகத்துக்கு விடலாம், அது கேவலமான உபயோகமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். மீனும் உருளைக்கிழங்கும் கேவலமில்லை என்பது என் தீர்ப்பு. விலையைப் பற்றி வேண்டுமானால் பேசலாம்.

அந்த நவிசியேட்டை இடித்திருந்தால் இந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை. பழைய வீடுகளின் வாடகையை ஏற்றவிடாத வாடகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு ஜார்ஜ்டவுனில் எத்தனை குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன, அந்த வீடுகளில் எத்தனை இன்று கோப்பிக் கடைகள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டடம் பிழைக்கிறது, உள்ளே இருந்தவர்கள் மாறிவிடுகிறார்கள்.

"மாமா, ஏன் இவ்வளவு மெதுவா பேசுறீங்க? காதுலயே விழல" என்றாள் அக்கா மகள். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நாற்பத்தெட்டு ரிங்கிட் மீனுக்கு முன்னால், பிரதர் வந்துவிடுவார் என்பது போலக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பில் கட்டிவிட்டு வெளியே வந்தோம். இருவருக்கும் பசி தீரவில்லை. அப்புறம் புலாவ் தீக்குஸ் பக்கம் போய் ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய்.