ஊர் கூடி இழுத்த தேர்

(வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரில் தமிழ்க் குடும்பங்களின் சித்திரை விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, சற்று முன் எனக்குப் பொன்னாடை போர்த்திய டாக்டர் அம்மா அவர்களே, தமிழில் ஒரு சொல்லும் தெரியாமல் இரண்டு மணி நேரமாக முன்வரிசையில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர் அவர்களே, காலை ஆறு மணிக்கே வந்து கேசரி கிண்டிய சகோதரிகளே, எல்லாருக்கும் வணக்கம். மைக் செட் தம்பிக்குத் தனி வணக்கம். போன வருஷம் அவரை மறந்தேன், பாதிப் பேச்சில் மைக் நின்றுபோனது.

வேல்ஸ் நடிகர் மைக்கேல் ஷீனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று அவர் நடிப்பு, இரண்டு அவர் ஊர், மூன்று வெல்ஷ் மொழி.

நடிப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டோனி பிளேராக மூன்று முறை நடித்தவர். டிவி பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்டாகவும், கால்பந்து மேனேஜர் பிரையன் கிளஃபாகவும் நடித்தவர். எல்லாரும் டிவியில் பார்த்துப் பழகிய ஆட்கள். குரலை மட்டும் பிடித்தால் அது மிமிக்ரி. இவர் அந்த ஆளின் ஆசையைப் பிடித்துவிடுகிறார்.

சரி, ஊருக்கு வருவோம். போர்ட் டால்பட், இங்கிருந்து ரயிலில் கால் மணி நேரம். இரும்பாலை ஊர். பெரிய நடிகர்கள் இருவரில், ரிச்சர்ட் பர்ட்டன் வளர்ந்தது அங்கேதான், அந்தோணி ஹாப்கின்ஸ் 1937-ல் பிறந்ததும் அங்கேதான். அந்த ஊர்த் தண்ணீர் அப்படி என்பார்கள். தண்ணீர் இல்லை ஐயா, வாத்தியார்! ஜென்கின்ஸாகப் பிறந்த பையன் பர்ட்டன் ஆனது, தன்னை வளர்த்தெடுத்த பள்ளி ஆசிரியர் பிலிப் பர்ட்டனின் பெயரால். ஷீனுக்குக் கிடைத்தது மேற்கு கிளமார்கன் இளைஞர் நாடகக் குழு. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

2011 ஈஸ்டரை மறக்க முடியாது. ஹாலிவுட்டுக்குப் போன ஷீன் ஊருக்குத் திரும்பி வந்து, ஏசுவின் பாடுகளை மூன்று நாள் நாடகமாகத் தெருவிலேயே நடத்தினார். எழுதியவர் கவிஞர் ஓவன் ஷியர்ஸ். நடித்தவர்களில் ஆயிரத்துக்கு மேல் உள்ளூர்க்காரர்கள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நானும் வீட்டம்மாவும் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். மூன்று நாளும் போனோம்! ஏசுவின் கடைசி விருந்துக் காட்சி தொழிலாளர் கிளப்பில், பக்கத்தில் ராக் குழுவின் கச்சேரி. ஞாயிற்றுக்கிழமை அவர் சிலுவையைச் சுமந்து தெருத்தெருவாக நடக்கிறார். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, கையில் சிப்ஸ் பொட்டலம், அவர் கடக்கும் வரை ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. சிலுவையில் அறைந்தது கடற்கரை ரவுண்டானாவில். அந்த நாடகத்தில் ஏசுவின் இடத்தில் வரும் அவர், நினைவிழந்த ஓர் ஆசிரியர். சிலுவையில் தொங்கும்போது நினைவு திரும்புகிறது. ‘ஞாபகம் இருக்கிறது’ என்று கத்திக் கத்தி அந்த ஊர் மக்கள், இடங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பாட்டி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார், நான் யாரென்றே அவருக்குத் தெரியாது. புளியோதரை அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது, அது வேறு கதை.

எங்கே விட்டேன்? ஆமாம், தேர். 2019-ல் வீடற்றோர் உலகக் கோப்பைக் கால்பந்து கார்டிஃபில் நடக்கவிருந்தபோது பணம் வராமல் போனது. ஷீன் தன் வீடுகளை விற்று நடத்தினார். அந்த ஈஸ்டர் நாடகத்தைத் தயாரித்த நேஷனல் தியேட்டர் வேல்ஸுக்கு அரசு மானியம் நின்று, 2024-ல் அது மூடப்பட்டது. அடுத்த மாதமே சொந்தப் பணம் போட்டு வெல்ஷ் நேஷனல் தியேட்டர் என்று புதிதாகத் தொடங்கினார். தேர் நடுத்தெருவில் நின்றால் முதல் தோள் யாராவது கொடுக்க வேண்டுமே.

ஆனால் ஒரு தோள் போதாது. அதனால்தான் கேட்கிறேன், நம் பிள்ளைகள் போகும் சனிக்கிழமை நாடக வகுப்பு என்ன ஆவது? மானியம் போய்விட்டது, ஹால் வாடகைக்கு வழியில்லை. கணக்கு டியூஷனுக்கு இருபது மைல் காரோட்டும் நாம், இதற்கு ஒரு கையெழுத்துப் போடக் கூடாதா? கவுன்சிலர் ஐயாவை முன்வரிசையில் உட்கார வைத்ததே அதற்காகத்தான். என் பேத்தி அங்கே போன வாரம் மரமாக நின்றாள். வசனம் கிடையாது. வீட்டுக்கு வந்தும் அரை மணி நேரம் மரமாகவே நின்றாள்.

மூன்றாவது வெல்ஷ் மொழி... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த வருஷம் பார்ப்போம். மனு நோட்டு காபி மேஜை மேல் இருக்கிறது. அங்கே உள்ள பேனா எழுதாது, என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.