எடைச்சீட்டும் என் வலது தோளும்

வணக்கம் மக்களே. கேமரா ஆடுகிறதா? போனைப் பழைய செக்ரோல் புத்தகங்களின் (தொழிலாளர் வருகை, சம்பளக் கணக்கு எழுதும் புத்தகங்கள்) மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். மதிய ஓய்வு நேரம், ஆப்பிஸில் யாரும் இல்லை. உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் தோள்வலிதான் இன்றைய பேச்சு. அந்தப் புத்தகங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது, வருகிறேன்.

எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா. அம்மாவுக்கு இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், தென்னமரம், 1917-இல் எங்கள் பக்கத்தில்தான் தொடங்கியது. இங்கே முதுகுவலி இல்லாத வீடு கிடையாது. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். வெட்டு வெட்டாகப் பட்டை கீழே இறங்க இறங்க நாங்களும் குனிந்துகொண்டே போவோம் என்பார். அவர் இடுப்பு வலிக்கிறது என்றால் ஊரே நம்பும். நான் ஏர்கோனில் உட்கார்ந்து கணினி தட்டுகிறவள். தோள் வலிக்குது என்று ஒருநாள் சொன்னதற்கு, "உட்கார்ந்துகிட்டே சம்பளம் வாங்குற உனக்கு என்னம்மா வலி?" என்று ஒரு மாமா கேட்டார். அதோடு வாயை மூடிக்கொண்டேன். கோடாலித் தைலம் மட்டும் மேசை டிராயரில் நிரந்தரமாகக் குடியேறியது.

என் வேலை இதுதான். செம்பனைப் பழ லாரி எடைமேடையில் ஏறும், எடைச்சீட்டு வரும், நான் கணினியில் பதிய வேண்டும். மூன்று மணிக்கு மேல் தப்பு வர ஆரம்பிக்கும். ஒருநாள் 13.46 டன்னை 13.64 என்று தட்டிவிட்டேன். 180 கிலோ! விற்றவருக்கு லாபம், எனக்குத் திட்டு. கவனம் இல்லை என்றார் முதலாளி. நானும் அப்படித்தான் நம்பினேன்.

போன மாதம் எர்கோனோமிக் பயிற்சி, அதாவது உடம்புக்கு ஏற்றபடி வேலையிடத்தை அமைத்துக்கொள்ளும் பயிற்சி, கொடுக்க ஓர் அக்கா வந்தார். முதல் ஒரு மணி நேரம் சட்டம். 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் எங்களைப் போன்ற சின்ன ஆப்பிஸுக்கும் விரித்திருக்கிறார்கள். ஐந்து பேர் வேலை செய்தாலே பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். நாங்கள் ஆறு பேர். அந்தப் பதவி யார் தலையில் விழுந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் அசல் பாடம். எப்போதும்போல வேலை செய்யச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து எங்களை வீடியோ எடுத்தார். என்னுடையதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. தீனிக்குத் தலையை நீட்டுகிற கோழி! வலது தோள் காதைத் தொடப் பார்க்கிறது, கால் தரையில் படவில்லை. சீட்டுகள் இடப்பக்கம் மேசையில் படுத்திருக்கின்றன. சீட்டுக்கு ஒருமுறை கழுத்து கீழே போய்த் திரும்பி வருகிறது. தலை மட்டுமே ஐந்து கிலோ இருக்குமாம். இறுகி, தளர்ந்து வேலை செய்யும் தசைக்கு ரத்தம் ஓடுகிறது. அசையாமல் இறுகியே கிடக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் குறைந்து சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. என் தோள் காலையிலிருந்து இறுகியே கிடந்திருக்கிறது. மூன்று மணித் தப்புகளுக்கு இதுவும் ஒரு காரணம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

முதலாளி உடனே கார் பந்தய சீட் மாதிரி நாற்காலிகள் வாங்கிப் போட்டார். நல்ல மனசுதான். ஆனால் கைப்பிடி மேசை விளிம்பில் இடிக்கிறது, கிட்டே உட்கார முடியவில்லை. என்னுடையதில் கைப்பிடியைக் கழற்றிவிட்டேன், அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மற்றதெல்லாம் கைச்சரக்குதான். நாலு செக்ரோல் புத்தகம் அடுக்கி மடிக்கணினியை மேலே வைத்தேன். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வந்தது. தனி விசைப்பலகை வாங்கினேன், அது மட்டும்தான் செலவு. காலுக்குக் காகிதம் வந்த பெட்டி. எடைச்சீட்டுக்குத்தான் யோசித்தேன். தீபாவளி பிஸ்கட் டின் மூடியைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிரிட்ஜ் காந்தத்தால் சீட்டை ஒட்டுகிறேன். பச்சைக் கிளி காந்தம், இதோ பாருங்கள். இப்போது கழுத்து குனிவதில்லை, கண் மட்டும்தான் நகர்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே எடைமேடையை இருபது விநாடி பார்க்கிறேன். லாரி ஓட்டுநர்கள் ஏதோ கண்காணிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள், நினைக்கட்டும்.

தோள்வலி முழுசாகப் போகவில்லை. தைலம் இன்னும் டிராயரில் இருக்கிறது, ஆனால் இந்த வாரம் திறக்கவில்லை. தப்பு ஒன்றே ஒன்று, அதுவும் எடைமேடையிலேயே நடந்தது.

சரி, ஹாரன் கேட்கிறதா? லாரி வந்துவிட்டது. போனைக் கீழே எடுத்தால்தான் மடிக்கணினிக்குப் புத்தகம்.