பூட்டிய வீடுகளும் இடம் தேடும் தொழிலாளர்களும்

(காரைக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, ஆலையும் பட்டறையும் நடத்தும் அண்ணன்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஊருக்குத் தொழில் வேண்டும் என்று மனுக் கொடுக்கும்போது சாலை கேட்கிறோம், மின்சாரம் கேட்கிறோம், தண்ணீர் கேட்கிறோம். வேலைக்கு வருகிறவர் இரவில் எங்கே படுப்பார் என்று மட்டும் கேட்பதில்லை. செட்டிநாட்டுத் தொழிலின் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. அதை அவிழ்க்கும் வழியும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

புதுவயலின் அரிசி ஆலைகளைப் பாருங்கள். நெல்லை ஊறவைத்து, ஆவி கொடுத்து, உலர்த்தும் வேலை கடிகாரத்துக்குக் கட்டுப்படாது. ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கானாடுகாத்தான் விடுதிகளில் விருந்தினர் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவி வைப்பதற்குள் பஸ் ஓய்ந்துவிடும். ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஒரே சீராக ஊற்றி, உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையால் நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். ஒரு நிறம் இன்னொன்றில் கலக்காமல் ஊற்றும் கைப்பக்குவம் ஒரு வாரத்தில் வந்துவிடாது. அப்படிப் பழகிய கை தங்க இடமில்லாமல் திருப்பூர் பஸ் ஏறினால், பட்டறைக்காரர் புது ஆளை முதலிலிருந்து பழக்க வேண்டும். அந்த நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

தொழிலாளியின் பக்கக் கணக்கையும் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம், வீடு 25 கிலோமீட்டர் தள்ளி என்று வையுங்கள். போய்வர 50 கிலோமீட்டர். பைக்குக்கு ஒரு லிட்டர், சுமார் 100 ரூபாய். 26 நாளைக்கு 2,600. சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெட்ரோலாகப் போகிறது. வாடகையும் போக்குவரத்தும் சேர்ந்து சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஆள் நிலைக்கமாட்டார் என்பது என் கணிப்பு. 15,000 வாங்குகிறவருக்கு அந்த எல்லை 5,000.

ஊரின் பக்கம்? 100 தொழிலாளிக் குடும்பங்கள் இங்கேயே குடியிருந்து மாதம் தலா 9,000 ரூபாய்க்கு மளிகை, காய்கறி, மருந்து, பள்ளிக்கூடம் என்று செலவழித்தால் மாதம் 9 லட்சம், வருடம் 1 கோடியே 8 லட்சம் நம் கடைகளில் புரளும். அவர்கள் வெளியூரிலிருந்து வந்துபோனால் அந்தப் பணம் சம்பள நாளன்றே ஊரை விட்டுப் போய்விடும். ஆகவே தொழிலாளிக்கு வீடு தருவதைத் தர்மக் கணக்கில் எழுதாதீர்கள், முதலீட்டுக் கணக்கில் எழுதுங்கள்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. மதுரை ஆலைத் தொழிலாளர்களுக்காக எழுந்தது ஹார்விபட்டி. திருச்சி பெல் தொழிற்சாலையோடு கைலாசபுரம் குடியிருப்பும் சேர்ந்தே வளர்ந்தது. சுற்றிலும் திருவெறும்பூர் பக்கம் துணைத் தொழில்கள் பெருகின. நம் ஊரிலேயே வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. அவ்வளவு நிலம் இருந்ததால்தான் ஆய்வுக்கூடத்தோடு ஊழியர் குடியிருப்புக்கும் இடம் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 706 கோடியே 50 லட்சம் ரூபாயில் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் கட்டிய பணியாளர் விடுதி திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம்.

ஆனால் வல்லம் வடகால் நமக்குப் பொருந்தாது. அங்கே ஒரே பெரிய முதலாளி. இங்கே 10 பேர், 30 பேர் வேலை பார்க்கும் இடங்கள் பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. நமக்கு வேண்டியது வேலையிடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள், 20 பேர் தங்கும் சிறு சிறு இடங்கள். புறம்போக்கு சும்மா கிடைக்கிறது என்பதற்காக ஊருக்கு வெளியே பொட்டல்காட்டில் காலனி கட்டிவிடக் கூடாது. சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டவர்கள் வீடு கிடைத்தும் வேலையை இழந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

புதிதாகக் கட்டினால் என்ன ஆகும்? 360 சதுர அடிக் குடும்ப வீடு, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 7 லட்சத்து 92 ஆயிரம். 10 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 8,500. நிலத்தின் விலை இதில் சேரவில்லை. 5,000 தாண்ட முடியாதவரிடம் 8,500 வாடகை கேட்க முடியாது. குடும்ப வீட்டுக்கு அரசு மானியம் இல்லாமல் வழியில்லை என்று துணிந்து சொல்லிவிடலாம். நகரப் பகுதியில் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ளவருக்கு மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு குறைந்தது 1 லட்சம். கிராம ஊராட்சியில் குடிசையில் இருப்பவருக்குக் கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி, மூன்றரை லட்சம். காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டதால், மனுப் போடும் முன் உங்கள் தெரு இப்போது எந்த எல்லைக்குள் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு அங்கேயே கிடக்கும்.

வாடகை விடுதி கட்ட நினைப்பவருக்கும் அதே மத்தியத் திட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. சதுர மீட்டருக்கு மத்திய அரசு 3,000, மாநில அரசு 2,000 என்று மானியம். ஆனால் அது புதுமைக் கட்டுமான முறையைக் கையாளும் திட்டத்துக்கு உரியது. வழக்கமான செங்கல் கட்டடத்துக்கு அதை நம்பி வரைபடம் போடாதீர்கள். மானியம் இல்லாமல் 20 கட்டில் விடுதி, கட்டிலுக்கு 80 சதுர அடி என்று கட்டினால் 35 லட்சத்துக்குச் சற்று மேல். தவணை, பராமரிப்பு, காலியாகக் கிடக்கும் கட்டில் எல்லாம் சேர்த்தால் ஒருவருக்கு மாதம் 2,900 ரூபாய் வரும். முடியாதது அல்ல. அதைவிட மலிவான வழி நம் தெருக்களிலேயே பூட்டிக் கிடக்கிறது.

நம் பழைய செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பை யோசியுங்கள். முகப்பு ஒரு தெருவில். முற்றத்தைச் சுற்றிய வளவு, அதன் பின்னே இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, சமையற்கட்டு என்று நீண்டு, கொல்லைக் கதவு அடுத்த தெருவில் திறக்கிறது. முகப்பையும் வளவையும் தொடவே வேண்டாம். அவை முன்னோரை வழிபடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் குடும்பம் கூடும் இடங்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றதற்கும் அந்த அழகுதான் காரணம். கடைசிக் கட்டுகளை மட்டும் இடையில் ஒரு கதவால் பிரித்து, பின் தெரு வழியாகப் போகவர விட்டால், 20 பேருக்குக் கௌரவமான இருப்பிடம் ஆகும். குடியிருக்க ஆள் இல்லாத வீட்டில் ஓடு விலகினால் சொல்ல ஆள் கிடையாது; மழை இறங்கி, கரையான் ஏறி, கடைசியில் தேக்கும் தூணும் பழைய மரக்கடைக்குப் போகின்றன. பின்கட்டில் விளக்கு எரிந்தால் முன்கட்டும் பிழைக்கும்.

ஆலைக்காரர்களின் சங்கம் ஒன்று பின்கட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவதாக வைத்துக் கணக்கைச் சொல்கிறேன். கழிப்பறை, பொதுச் சமையலறை, மின்கம்பி, ஓடு மாற்றுதல் எல்லாம் 12 லட்சம் என்று வைப்போம். 10 சதவீத வட்டிக்கு 8 வருடக் கடன், தவணை 18,200. 20 பேருக்குத் தலா 2,000 வாடகை. நூற்றுக்கு 85 கட்டில்தான் நிரம்பும் என்று கொண்டால் வரவு 34,000. தவணை போக 15,800. அதில் பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆள் ஒருவருக்கு 8,000, பழுதுக்கு 3,000. மீதி 4,800 வீட்டுக்காரர்களுக்கு. கொழுத்த வாடகை இல்லைதான். கடன் தீர்ந்ததும் அந்த 18,200 விடுபடும். அதனால் குத்தகை 12 வருடத்துக்குக் குறைந்தால் யாருக்கும் கட்டாது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன்: பங்காளிகள். ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்குதாரர். சிலர் சென்னையில், சிலர் மலேசியாவில், சிலர் அமெரிக்காவில். உடனே பாகப்பிரிவினையைத் தொடாதீர்கள். தொட்டால் வழக்கு, வழக்கென்றால் ஒரு தலைமுறை. முதலில் கிளை வாரியாக வாரிசுப் பட்டியல் எழுதுங்கள். 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். ஒவ்வொரு கிளையும் தன் சார்பில் கையெழுத்திட ஒருவருக்குப் பொது அதிகார ஆவணம் கொடுக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திடலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இந்தக் கெடு தவறித்தான் பல முயற்சிகள் நின்றுபோகின்றன.

இன்னொன்றும் கவனியுங்கள். அதிகாரம் கொடுத்தவர் காலமானால் பொதுவாக அந்த அதிகார ஆவணமும் அன்றோடு முடிந்துவிடும். கையெழுத்திடுகிறவர்களில் பலர் எண்பது வயதுக்காரர்கள். எனவே ஆவணங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நல்ல நாள் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. சேர்ந்த உடனே குத்தகைப் பத்திரத்தைப் பதிந்துவிட வேண்டும். பதிவான குத்தகை அதற்குப் பிறகு ஒரு பங்காளி மறைந்தாலும் நிற்கும், வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். பத்திரத்தில் எந்தக் கட்டு, எந்தக் கிணறு, எந்த வாசல் என்று வரைபடத்தோடு எழுதுங்கள். முதல் 5 வருட வாடகையைப் பங்கு போடாமல் ஒரே கணக்கில் விட்டு, வீட்டு வரிக்கும் முன்கட்டு ஓட்டுக்கும் செலவழிப்பது நல்லது. நாற்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 120 ரூபாய். அந்த 120க்குத்தான் சண்டை வரும்.

கோயில் நிலத்தில் கட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அறநிலையத் துறைச் சட்டப்படி 5 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். 5 வருடக் குத்தகையை நம்பி எந்த வங்கியும் கட்டடக் கடன் தராது.

கட்டட வேலையில் அதிகம் கெடுவது ஈரத்தால். நம் சுவர் சுண்ணாம்புச் சுவர். ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். பழைய அறைக்குள் கழிப்பறை நுழைப்பது அதைவிடக் கேடு. கழிப்பறைகளைக் கொல்லையில், பழைய சுவரிலிருந்து 5 அடி தள்ளி, தனி அஸ்திவாரத்தில் கட்டுங்கள். 8 பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை. 20 பேருக்கு மும்மூன்று. ஆளுக்கு 135 லிட்டர் வீதம் 2,700 லிட்டர் தண்ணீர் வேண்டும், 3,000 லிட்டர்த் தொட்டி வையுங்கள். 20 பேருக்கான கழிவுத் தொட்டியின் உள்ளளவு 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் நீர் ஆழம். உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். நம் செம்புறாங்கல் பூமி ஓரிடத்தில் தண்ணீரைக் குடிக்கும், பத்தடி தள்ளிக் குடிக்காது. குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்த பிறகே இடம் முடிவு செய்யுங்கள். கொல்லை சிறியதென்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். எல்லா வீடும் இதற்கு ஆகாது.

மேலே தேக்குச் சட்டம் இருப்பதால் அறைக்குள் அடுப்பு கூடவே கூடாது. சமையல் பழைய சமையற்கட்டில்தான். மரப்பட்டியில் ஓடும் பழைய மின்கம்பியை முழுக்கப் பிடுங்கிவிட்டு, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானோடு புதிதாக இழுங்கள். அறைக்கு ஒரு துணை மீட்டர் இருந்தால் கரண்ட் பில் தகராறு எழாது. 10க்கு 12 அடி அறையில் 2 பேர். மூன்றாவது கட்டில் போட ஆசை வரும். போட்டால் முதலில் நாறுவது கழிப்பறை, அடுத்து ஊர்க்காரர் மனுக் கொடுப்பார்கள்.

நிர்வாகத்தில் ஒரு விதியை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டை வேலையோடு கட்டாதீர்கள். ஓர் ஆலையை விட்டு வேறு ஆலைக்குப் போனவரை அன்றிரவே வெளியேற்றும் இடம் விடுதி ஆகாது, தொழிலாளியைக் கட்டிவைக்கும் பிடி ஆகிவிடும். ஆலைக்காரர்கள் பலர் சேர்ந்து ஒரு சங்கமாகக் குத்தகை எடுத்தால் தொழிலாளி எங்கே வேலை பார்த்தாலும் அங்கேயே இருக்கலாம். வேலை போனாலும் 60 நாள் தங்க உரிமை கொடுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை பாக்கி என்று தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. ஒருவருக்கு மாதம் 20,000க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கும் விடுதி வாடகைக்கு 2024 ஜூலை முதல் ஜிஎஸ்டி கிடையாது. ஒப்பந்தத்தை 90 நாளுக்குக் குறையாமல் எழுதுங்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் குடியிருப்பைக் குத்தகைக்கு எடுத்தால் வரி அதன் தலையில் விழும் என்பதால் சங்கத்தின் அமைப்பை முதலிலேயே ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பெண்கள் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். பின் தெருவில் விளக்கு எரிகிறதா என்பதை அதற்கும் முன்னால் பாருங்கள்.

கடைசியாக, காலம். ஓடு பிரிக்கும் வேலையைத் தை பிறந்ததும் எடுத்தால்தான் சுண்ணாம்புப் பூச்சு நிதானமாகக் காய்ந்து, ஐப்பசி மழைக்கு முன் கூரை மூடும். கையெழுத்துச் சேர்க்க நான்கைந்து மாதம் பிடிக்கும். ஆகவே பங்காளிகளுக்கு எழுதும் முதல் கடிதம் இந்த ஆவணியிலேயே போகட்டும். ஆலைச் சங்கத்தார் அதே மாதத்தில் தங்கள் ஆட்கள் எத்தனை பேர், எங்கே தங்குகிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள், குடும்பத்தோடு வர எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்ற நான்கு விவரங்களையும் எழுதி வாங்கிவிடுங்கள். வங்கி மேலாளர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.